குழந்தைக்குச் சளி விடவில்லையா? முதலில் சட்டையைத் தூக்கி மூச்சைப் பாருங்கள்

காட்பாடியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறேன். மார்கழிப் பனி இறங்கிவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "குழந்தைக்கு சளி விடவே மாட்டேங்குது, நல்ல சிரப்பா ஒண்ணு குடுங்க." பெற்றவர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பயப்பட வேண்டியதைக் கவனிக்காமல், பயப்படத் தேவையில்லாததைப் பார்த்து ஓடி வருகிறார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகம் பயமுறுத்துவது சளியின் நிறம். கைக்குட்டையை விரித்தே காட்டுவார்கள், "பாருங்க, பச்சையா வருது." சாதாரண வைரஸ் சளியே முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீராக ஒழுகி, அப்புறம் கெட்டியாகி மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறும். உடம்பின் வெள்ளை அணுக்கள் வேலை செய்வதால் வரும் நிறம் அது. பச்சையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. வைரஸை அந்த மருந்து ஒன்றும் செய்யாது. இன்னும் சிலர் போன தடவை மிச்சமான பாட்டிலையே ஊற்றிவிடுகிறார்கள். தண்ணீர் கலந்த ஆன்டிபயாட்டிக் சிரப் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம்தான் தாங்கும். தயவுசெய்து அதைக் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ போகிற சின்னக் குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது சகஜம். ஒவ்வொன்றும் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது ஒட்டிக்கொண்டால், மாசக்கணக்கில் சளி இருப்பதுபோலவே தெரியும். ஆகவே எத்தனை நாள் என்பதோடு, நாளுக்கு நாள் குறைகிறதா என்றும் பாருங்கள். மெதுவாகவாவது குறைந்தால் பொறுக்கலாம். பத்து நாள் தாண்டியும் கொஞ்சமும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நன்றாகத் தேறி வந்த பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் அடித்து இருமல் கூடினாலும் அப்படித்தான். கெட்டிச் சளியோடு 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல் மூன்று நாளாக விடாமல் அடித்தால் பத்து நாள் வரை காத்திருக்கவே கூடாது.

மூச்சுக்கு இந்த நாள் கணக்கு எதுவும் கிடையாது. சளி பிடித்த இரண்டாம் நாளே மூச்சு மாறலாம். போன குளிர்காலத்தில் லத்தேரி பக்கமிருந்து ஒரு பாட்டி, ஒன்றரை வயசுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, மூக்கு அடச்சிக்கினு நைட்டெல்லாம் தூங்கவே இல்ல. போன தபா குடுத்த மருந்தையே குடுத்துடு." குழந்தை அழவில்லை, துவண்டு கிடந்தான். "சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க பாட்டி" என்றேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து எழுந்தது. செல்போனில் ஒரு நிமிஷம் வைத்து எண்ணினேன், ஐம்பதைத் தாண்டியது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நிமோனியா என்று சொல்லி உடனே ஆக்சிஜன் வைத்தார்களாம். பையன் தேறிவிட்டான். அந்தப் பாட்டி கவனித்தது முழுக்க மூக்கைத்தான். பனியன், சட்டை, ஸ்வெட்டர் என்று மூன்று அடுக்கு போட்டிருந்தால் நெஞ்சு எங்கே தெரியும்?

எண்ணுவது கஷ்டமே இல்லை. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாசத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60, ஒரு வயசு வரை 50, அதற்கு மேல் ஐந்து வயசு வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்றைக்கே காட்டிவிடுங்கள். நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ நேராக 108-தான். மூன்று மாசம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே, சளி இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், உடனே ஆஸ்பத்திரி.

கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு அழும். பால் கொடுக்கும் முன் மூக்கில் இரண்டு சொட்டு சலைன், அதாவது மூக்குக்கான உப்புநீர்ச் சொட்டு மருந்து, விட்டால் போதும். எண்ணெய் மட்டும் வேண்டாம். பாட்டி காலத்து வழக்கம் என்று இன்னும் மூக்கில் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவே வரலாம். சின்னக் குழந்தைக்குக் கற்பூரம் கலந்த எண்ணெயையும் நெஞ்சில் தடவாதீர்கள், கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பு வரும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேனும் கூடாது.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால், புளியங்கொட்டையோ கடலையோ மணியோ உள்ளே போயிருக்கலாம். நோண்டாதீர்கள், காது மூக்கு தொண்டை டாக்டர் எடுத்துவிடுவார். பொம்மையிலிருக்கும் பட்டன் பேட்டரியோ என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. வாயைத் திறந்தே தூங்குவது, தினமும் குறட்டை, டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைப்பது, இதெல்லாம் மாசக்கணக்கில் இருந்தால் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வளர்ந்திருக்கிறதா, காதுக்குள் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனி சிரப். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்தார்களே, அந்த மருந்து தயாரானது நம் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷ ரசாயனம் கலந்த சிரப் அது, சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிட்டது. இரண்டு வயசுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயசுக்குள் பொதுவாகவே தேவையில்லை என்று அப்போது மத்திய சுகாதாரத் துறை மறுபடி சொன்னது. டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள், போகட்டும்.

எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு ரயில் ஏறி வருகிற ஊர் இது. ஆனால் லத்தேரிக்காரருக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு, அதனால்தான் மெடிக்கலில் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சாதாரண சளிக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை, ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும். போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு அடியுங்கள், இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். அடிக்கும் முன் மூச்சை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளாகச் சளி, காய்ச்சல் எவ்வளவு, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்பதையும் சொல்லுங்கள்.