ரெண்டு குயர் நோட்டும் மூணு துண்டு துணியும்

திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா, அதாவது பையரோட துணி ஆர்டரை ஷிப்மென்ட் வரைக்கும் பாத்துக்கற ஆளா, 14 வருஷம் ஓட்டியாச்சு. போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி என் டேபிளைப் பாத்துட்டு "என்னண்ணா, இன்னுமா நோட்டு?"ன்னான். கிண்டல்தான். கேட்டதுலயும் தப்பில்ல, ஆர்டர் ஷீட் எக்செல்ல இருக்கு, பையர் மெயில் ஃபோன்லயே வருது, அப்புறம் எதுக்கு இந்த ரெண்டு குயர் நோட்டு.

ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். நேவி ப்ளூ லேப் டிப் (பையர் ஷேடு ஓகே பண்றதுக்கு சாயம் போட்ட சாம்பிள் துணி) மூணு, ஏ பி சி, ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி ஸ்டேப்ளர் அடிச்சிருக்கு. பி-யைச் சுத்தி வட்டம். ஏ-க்குப் பக்கத்துல "டி65 ஓகே, டிஎல்84ல சிவப்படிக்குது"ன்னு என் கோழிக் கிறுக்கல், அதாவது பகல் வெளிச்சத்துல சரி, கடை லைட்டுல சிவப்பு. கீழ, ரவுண்டு கட்டர்ல வெட்டின நூறு சதுர செ.மீ. துண்டு 1.58 கிராம், அதாவது சதுர மீட்டருக்கு 158 கிராம் (ஜிஎஸ்எம்), பையர் கேட்டது 160. இதை ஃபோட்டோ எடுத்து வெச்சா நேவி ஒரு ஃபோன்ல கருப்பாத் தெரியும், இன்னொரு ஃபோன்ல பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி தெரியும். துணின்னா ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தடவிப் பாக்கணும்ங்க. என்ன, ஆறு மாசத்துல நோட்டு பூரி கணக்கா உப்பிடும், ரப்பர் பேண்ட் போட்டாத்தான் மூடும்.

அப்புறம் சாயப்பட்டறை டையிங் மாஸ்டர். ஃபோனை நோண்டிக்கிட்டே டெலிவரி கேட்டா, நாம வாட்ஸ்அப் பாக்கறோம்னு நெனச்சுக்கிட்டு "நாளைக்கு ஆயிரும் கண்ணு"ம்பார். நோட்டை விரிச்சு பேனாவைத் திறந்தாப் போதும், "இரு கண்ணு, எழுதீராத, வெசாழக்கெழமைன்னு போட்டுக்க"ன்னு இறங்கி வருவார். அந்த வியாழக்கிழமை பெரும்பாலும் உண்மையா இருக்கும்!

குறை இல்லாம இல்ல. எதையும் தேடி எடுக்க முடியாது, பழைய நோட்டுல ஒரு ஷேடு வேணும்னா அரை மணி நேரம் போயிரும். ஒரு மழைக்கு பேக் நனைஞ்சு ஜெல் பேனால எழுதின ரெண்டு மாசக் கதை மொத்தமும் கரைஞ்சுபோச்சு, அன்னையில இருந்து பால்பாயிண்ட் மட்டும்தான். ஆனா எக்செல் மட்டும் யோக்கியமா? ஒரு தடவை யாரோ ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசை மாத்தி சேவ் பண்ணிட்டாங்க, சைஸ் ஒரு பக்கம், பீஸ் கணக்கு ஒரு பக்கம். கட்டிங் போறதுக்கு முன்னாடி நோட்டை வெச்சுத்தான் சரி பண்ணினோம்.

வேலை பாக்கறவன் எழுதி வெக்கறது நேத்து வந்த பழக்கமா என்ன. புதுச்சேரியில பிரெஞ்சுக்காரங்களுக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும் எழுதியிருக்கார், கப்பல் வந்தது போனது, வியாபாரம், கவர்னர் வீட்டு வம்பு எல்லாம் கலந்துகட்டி. எனக்கு அந்தக் கலப்படம்தான் பிடிக்கும். என் நோட்டுலயும் ஷிப்மென்ட் தேதிக்குக் கீழ "பாப்பாவுக்கு இருமல் மருந்து"ன்னு இருக்கும்.

ஒண்ணே ஒண்ணு, ஜனவரியில ஓசியில குடுக்கற டைரி மட்டும் வேண்டாம். அதுல ஞாயித்துக்கிழமைக்குன்னு அரைப் பக்கம்தான் விட்டிருப்பான். நமக்கு கண்டெய்னர் ஏறுறதே அன்னைக்குத்தான்.