ஒரு சொட்டும் ஒரு கைவிலங்கும்

வெள்ளை ஸ்பாட் பிளேட்டின் குழியில் குண்டூசி முனையளவு மார்ஃபின். மேலே மார்க்கிஸ் ரீஜென்ட், அதாவது போதைப்பொருள் பட்டால் நிறம் மாறும் சோதனைத் திரவம், ஒரு சொட்டு. விட்ட மாத்திரத்தில் கத்தரிப்பூ நிறம் கிளம்பிப் பரவும். தடயவியல் வேதியியல் படித்தபோது இதை முதன்முறை பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றும் அந்தச் சோதனை மேல் எனக்குப் பிரியம் குறையவில்லை. ஆனால் அந்த நிறத்தை மட்டும் நம்பி ஒரு மனிதரை உள்ளே தள்ளுவதை என்னால் ஏற்க முடியாது.

எட்வார்ட் மார்க்கிஸ் 1896ல் கண்டுபிடித்த கலவை இது. ஃபார்மால்டிஹைடும் அடர் கந்தக அமிலமும், அவ்வளவுதான். ஹெராயினுக்கும் மார்ஃபினுக்கும் ஊதா, ஆம்ஃபெட்டமைனுக்கு ஆரஞ்சில் தொடங்கிப் பழுப்பு, எக்ஸ்டசி என்று விற்கப்படும் எம்டிஎம்ஏவுக்குக் கருப்பு. சரி, சர்க்கரைக்கு? அமிலம் அதைக் கருக்குவதால் அதுவும் பழுப்புதான். ஆஸ்பிரின்கூட மெல்லச் சிவந்து வரும்.

கோகெயினுக்கான கோபால்ட் தயோசயனேட்டும் இப்படித்தான். இளஞ்சிவப்புக் கரைசல் நீலமானால் கோகெயின் என்பார்கள். மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த லிடோகெய்னும் நீலம் தரும். ஒவ்வாமை மாத்திரையில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமினும் தரும். ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு குளோரோஃபார்ம் என்று மூன்று படிகளாகச் செய்யும் ஸ்காட் சோதனை பலவற்றை வடிகட்டிவிடும். எல்லாவற்றையும் அல்ல. ரீஜென்ட்டுக்குப் பெயர் தெரியாது. மூலக்கூறின் ஒரு பகுதியோடு வினைபுரிகிறது, அந்தப் பகுதி வேறு எங்கே இருந்தாலும் அங்கேயும் புரியும்.

நிறத்தைப் படிப்பதே ஒரு பாடு. ஆய்வகத்தில் பக்கத்துக் குழியில் வெறும் ரீஜென்ட், அடுத்ததில் தெரிந்த மாதிரி, நல்ல வெளிச்சம். ஆரம்ப நொடிகளில் வருவதைத்தான் குறிக்க வேண்டும், விட்டுவைத்தால் சொட்டு தானாகவே கருக்கும். அப்படியும் நான் ஆரஞ்சு என்று எழுதியதை என் தோழி செங்கல் நிறம் என்று எழுதியிருக்கிறாள். நடுரோட்டில், ராத்திரியில், போலீஸ் வண்டியின் சுழல்விளக்கடியில், இத்தகைய ரீஜென்ட் அடைத்த சின்னச் சோதனைக் கிட்டை வைத்துப் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்?

இதனால்தான், போதைப்பொருள் ஆய்வு முறைகளைத் தரம் பிரிக்கும் ஸ்விக்ட்ரக் (SWGDRUG) நிபுணர் குழு நிறச் சோதனைகளைக் கடைசிப் பிரிவான சி-யில் வைத்திருக்கிறது. மூலக்கூறையே அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் அகச்சிவப்பு நிறமாலையும் ஏ-யில். குவிந்து கிடக்கும் பொட்டலங்களில் எதை முதலில் எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று சில நிமிடங்களில் சொல்ல நிறச் சோதனையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

2015ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் ஒருவருடைய காரில் கிடந்த டோனட் சர்க்கரைத் துணுக்குகளைப் போலீஸ் கிட், மெத்தாம்பெட்டமைன் என்னும் போதைப்பொருள் என்று காட்டியது. கைது செய்தார்கள். ஆய்வகம் போதைப்பொருள் எதுவும் இல்லை என்றது. பிறகு மாநகரம் அவருக்கு 37,500 டாலர் கொடுத்தது. 2017ல் ஹூஸ்டன் போலீஸ் இந்தக் கிட்களையே நிறுத்திவிட்டது.

அதே ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுன்டியில், ஆய்வக அறிக்கைக்குக் காத்திராமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் பலர். மறுத்தால் நீண்ட தண்டனை வரும் என்ற பயம். பொட்டலத்தில் போதைப்பொருளே இல்லை என்று ஆய்வகம் எழுதியபோது, அவர்களில் பலர் தண்டனையை முடித்து வெளியே வந்துவிட்டிருந்தார்கள்.