பீனட்ஸ்: முதல் தொகுதியில் தொடங்காதீர்கள்

சார்லஸ் ஷுல்ஸ் வரைந்த நாளிதழ் படக்கதையான பீனட்ஸை 1950-52 தொகுதியிலிருந்து வரிசையாக வாங்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஃபாண்டாகிராஃபிக்ஸ் பதிப்பகத்தின் முழுத் தொகுப்பு மொத்தம் 26 புத்தகங்கள். முதல் புத்தகத்தில் ஸ்னூப்பி சாதாரண நாய்க்குட்டிதான். முக்கியப் பாத்திரங்களான லூசியும் லைனஸும் 1952-இல்தான் வருகிறார்கள். புதியவர் அதைப் படித்துவிட்டு, "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று மூடிவைத்துவிடுவார்.

1965-66 தொகுதியை முதலில் எடுங்கள். ஸ்னூப்பி நாய்வீட்டுக் கூரைமேல் ஏறி முதல் உலகப்போர் விமானி ஆவது அதில்தான். பெப்பர்மின்ட் பேட்டி என்ற சிறுமியும் அதில்தான் அறிமுகம். பிடித்தால் முன்னும் பின்னும் போகலாம்.

கட்டுரை சொல்லாத இன்னொன்று: முழுத் தொகுப்பில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களும் கறுப்பு வெள்ளைதான். வண்ணம் வேண்டுமென்றால் அதே பதிப்பகத்தின் 'பீனட்ஸ் எவ்ரி சண்டே' தனி வரிசை. பெரிய அளவு, பார்க்க அருமை. ஆனால் வாரநாள் பட்டைகள், அதாவது சில கட்டங்களே கொண்ட ஒற்றை வரிசைப் படக்கதைகள், அதில் கிடையாது. கதாநாயகன் சார்லி பிரவுனின் பேஸ்பால் தோல்விகளெல்லாம் நாள்கணக்கில் நீளும் கதைகள், அவை வாரநாள்களில்தான் இருக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கறுப்பு வெள்ளையே போதும். அப்புறம், அந்தப் புத்தகங்களின் பின்னால் இருக்கும் பொருளடைவு இருக்கிறதே, பழைய பட்டை ஒன்றைத் தேடும்போது அதன் அருமை தெரியும்.