பீட்டிலின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் எஞ்சின் குளிருமா?

"பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் தெர்மோஸ்டாட்டையும் காற்று மடல்களையும் கழற்றி எறியுங்கள், எஞ்சின் சூடே ஆகாது" என்றொரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு.

இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. டைனமோ தண்டில் சுழலும் விசிறிதான் தகரக் கூட்டின் வழியாகச் சிலிண்டர்கள் மேல் காற்றைத் தள்ளுகிறது. வலப்பக்கச் சிலிண்டர்களுக்கு அடியில், துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு சின்ன உலோகக் குடுவை இருக்கும். அதுதான் தெர்மோஸ்டாட். ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் அது விரிந்து, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் காற்றை மறிக்கும் மடல்களை ஒரு கம்பி மூலம் முழுதாகத் திறந்துவிடுகிறது. சூடேறிய எஞ்சினுக்குக் காற்றை அது மறிப்பதே இல்லை. பிறகு கழற்றி என்ன லாபம்?

நஷ்டம்தான் உண்டு. குளிர்ந்த எஞ்சின் சூடேற நெடுநேரம் பிடிக்கும். அதுவரை எண்ணெய் கெட்டியாகவே இருக்கும், ஈரம் அதில் தங்கும், தேய்மானம் கூடும். திறந்த மடல்கள் காற்றை உரிய பக்கம் திருப்பிவிடவும் செய்கின்றன.

"துருத்தி கெட்டால் எஞ்சின் வெந்துவிடுமே" என்பார்கள். ஓட்டை விழுந்த துருத்தி தானாகவே நீண்டு மடல்களைத் திறந்துவிடும்; அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கம்பி துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் மட்டுமே ஆபத்து.

உண்மையிலேயே சூடு மிகுந்தால், எஞ்சின் அறையின் விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பரைத் தடவிப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் அடியிலிருந்து வரும் வெந்த காற்றையே விசிறி மீண்டும் இழுக்கும்.