"உள்ளுக்குத்தானே கிடக்குது" என்று இனி எனக்குச் சொல்லாதீர்கள்

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "அது உள் நெட்வேர்க்கில்தானே தம்பி இருக்கு, வெளியாலே ஆர் வரப்போறாங்கள்?"

நான் பார்க்கிற ஒரு தளத்தில், பொருளின் படம் இருக்கும் இணைப்பைக் கொடுத்தால் எங்கள் சேர்வரே போய் இறக்கிக்கொண்டு வரும். போன கிழமை அந்தப் பெட்டிக்குள் 127.0.0.1 என்று, அதாவது சேர்வர் தன்னையே குறிக்கும் முகவரியைப் போட்டுப் பார்த்தேன். படத்துக்குப் பதிலாக நிர்வாகப் பக்கம் அப்படியே வந்து விழுந்தது. அதற்குக் கடவுச்சொல்லே இல்லை. ஏன் இல்லை? உள்ளுக்குத்தானே கிடக்கிறது!

இப்படிச் சேர்வரை ஏமாற்றி, அதையே கோரிக்கை அனுப்ப வைப்பதைத்தான் எஸ்.எஸ்.ஆர்.எஃப். என்கிறார்கள். கள்ளன் வேலி பாய்வதில்லை. படலையடியில் நின்றுகொண்டு, வீட்டு ஆளையே அனுப்பி அலுமாரியில் இருப்பதை எடுப்பிக்கிறான். வீட்டு ஆளைப் பார்த்து நாய் குரைக்குமா? வெளியாலே வருகிறவர்களைத் தடுக்கும் ஃபயர்வோலும் அப்படித்தான் பேசாமல் கிடக்கும்.

சொன்னேன். தளத்துக்குப் பொறுப்பானவர்கள் 127.0.0.1 என்ற எழுத்தை மட்டும் தடுத்தார்கள். அதே முகவரியை ஒற்றை எண்ணாக, 2130706433 என்று கொடுத்தேன். திறந்தது. எழுத்தைத் தடுத்து என்ன பயன்? கடைசியில் சேர்வர் எந்த ஐபி முகவரிக்குப் போகிறது என்றல்லவா பார்க்க வேண்டும்? நடுவில் வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டால் அதையும் பார்க்க வேண்டும். போகக்கூடிய தளங்களை மட்டும் பட்டியல் போட்டுவிட்டு மற்றதை மூடினால் இன்னும் நல்லது.

இதைவிட வயிறெரிவது, வருகிற கோரிக்கைகளை முதலில் வாங்க முன்னால் நிற்கும் அப்பாச்சி என்ற வெப் சேர்வர் மென்பொருளைப் பார்த்துத்தான். பதிப்பு 2.4.48. கோரிக்கையை வேறு சேர்வருக்குக் கைமாற்றும் அதன் ப்ராக்ஸிப் பகுதியில் இதே வகை ஓட்டை இருக்கிறது. கோரிக்கையைத் தந்திரமாக எழுதினால், தாக்குகிறவன் சொல்லும் சேர்வருக்கே அனுப்பிவிடும். 2021 செப்டெம்பரில் 2.4.49 வந்தபோதே அதை அடைத்துவிட்டார்கள். அப்டேட் செய்வோம் என்றால், "2.4.49இலும் ஓட்டை வந்ததுதானே" என்று பதில். வந்ததுதான். அதையும் அந்த ஒக்டோபரிலேயே, 2.4.51இல் அடைத்தாயிற்று. அதற்குப் பிறகு எத்தனை பதிப்பு வந்துவிட்டது!

2019இல் கப்பிட்டல் வன் வங்கிக்கு நடந்தது என்ன? வெளியில் இருந்த ஒருவர், வங்கியின் சேர்வரைக் கொண்டே 169.254.169.254 என்ற உள் முகவரியைக் கேட்க வைத்து, அமேசன் கிளவுட்டின் தற்காலிகச் சாவிகளை எடுத்தார். அமெரிக்காவில் ஏறக்குறைய 10 கோடிப் பேர், கனடாவில் 60 லட்சம் பேரின் விபரங்கள் போயின. கனடாவில் சொந்தம் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் எத்தனை இருக்கிறது? அப்படியும் இது எங்கோ நடக்கிற கதை என்று நினைக்கிறார்களே!

எங்கள் சேர்வரிலும் ஆட்களின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி எல்லாம் இருக்கிறது. இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் அக்கா எங்களை நம்பித் தந்தது. அவவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இன்று பின்னேரமும் கேட்டேன். "நல்லூர்த் திருவிழா முடியட்டும், பார்ப்பம்" என்றார்கள். போன வருடமும் இதையேதான் சொன்னார்கள். திருவிழா 25 நாளில் முடிந்தது. 2.4.48 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.