பதினொரு புத்தகம், ஒரே வெயில் கொப்புளம்

அமெரிக்க எழுத்தாளர் ஹாரி டர்டில்டவின் 'சதர்ன் விக்டரி' நாவல் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கூட்டம் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. ஒரு கூட்டத்துக்கு அது வேதம். இன்னொன்றுக்குக் குப்பை. நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது காசு கொடுத்து வாங்கிப் படித்த என்னைப் போன்றவர்கள்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தனி நாடாகப் பிரியப் பார்த்த தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பரில், தெற்குத் தளபதி லீயின் போர்த் திட்டம் அடங்கிய 'சிறப்பு ஆணை 191' மேரிலாந்தில் ஒரு வயலில் விழுந்து கிடந்தது. மூன்று சுருட்டுகளைச் சுற்றிய காகிதமாக. வடக்குச் சிப்பாய்கள் கையில் அது சிக்கியது. நான்கே நாளில் ஆன்டீட்டம் போர், லீ பின்வாங்கினார். இது நிஜம். கதையில், அந்தக் காகிதம் விழுந்ததைத் தெற்குப் படைக்காரர்களே பார்த்து எடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் மாற்றம். தெற்கு ஜெயிக்கிறது, பிரிட்டனும் பிரான்சும் அங்கீகரிக்கின்றன, அமெரிக்கா இரண்டு நாடாகிறது. அங்கே பிடித்த கதை இரண்டாம் உலகப் போர் முடிகிறவரை ஓடுகிறது. 1997 முதல் 2007 வரை பதினொரு தடிமனான புத்தகங்கள்.

குப்பை என்று திட்டும் கூட்டத்தின் வாதம் எப்போதும் ஒன்றுதான்: "இப்படி நடந்திருக்கவே முடியாது." தெற்கின் 11 மாநிலங்களில் இருந்ததே 90 லட்சம் பேர், அதிலும் 35 லட்சம் பேர் அடிமைகள், ஆலைகள் எல்லாம் வடக்கில், இவர்கள் எப்படி 1941-இல் வடக்கின் ஒஹாயோ மாநிலத்தைப் பிளந்துகொண்டு ஈரி ஏரி வரைக்கும் போவார்கள்? சரி அய்யா, கணக்கு சரி. ஆனால் மாற்று வரலாறு என்று அட்டையைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? முதல் பொய்யை ஒப்புக்கொண்டுதானே உள்ளே வந்தீர்கள்? பீரங்கி எண்ணிக்கையைச் சரிபார்க்கத்தான் நாவல் படிக்கிறீர்களா? இவர்களில் பாதிப் பேர் முதல் இரண்டு புத்தகத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்வேன். ஏனென்றால் தொடரின் உண்மையான நோய் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது, இவர்கள் வாயிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை.

முதல் நான்கு புத்தகம் அருமையாக இருக்கும். முதலாவது நடப்பது 1881-இல். லிங்கன் சாகவில்லை. தோற்றுப்போன ஜனாதிபதி என்ற கெட்ட பெயரோடு ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களிடம் முதலாளிகளின் அநியாயத்தைப் பேசுகிறார், கடைசியில் சோஷலிஸ்ட் ஆகிறார். நிஜத்தில் 1876-இல் லிட்டில் பிக்ஹார்னில் பூர்வகுடிகளோடு நடந்த சண்டையில் செத்துப்போன அமெரிக்கத் தளபதி கஸ்டர் இங்கே கிழவனாகும்வரை வாழ்ந்து, மேலிடத்தை ஏமாற்றி டாங்குகளை ஒரே இடத்தில் குவித்துப் போரின் போக்கையே மாற்றுகிறார். தெற்கின் கூட்டாளி பிரிட்டன் என்றால், வடக்கு போய் ஜெர்மனியோடுதானே சேரும்? சேர்கிறது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள் கென்டக்கியிலும் டென்னசியிலும் வெட்டப்படுகின்றன. ஒரு காரணம் இன்னொன்றைப் பெற்று, அது மூன்றாவதைப் பெற்று வளரும்போது படிக்கிறவனுக்குப் புல்லரிக்கும்.

கனடாவில் மெக்ரெகர் என்று ஒரு விவசாயி வருவார். அமெரிக்கப் படை நாசவேலைக் குற்றம் சாட்டி அவர் பையனைச் சுட்டுக் கொல்கிறது. மனிதர் வாய் திறக்காமல் வயலை உழுகிறார், மாட்டுக் கொட்டகையில் குண்டு செய்கிறார். கியூபெக்கில் இன்னொரு விவசாயி. ராணுவம் அவர் நிலத்தைப் பிடுங்கி ஆஸ்பத்திரி கட்டுகிறது, மகள் அங்கேயே வேலைக்குப் போய் எதிரி நாட்டு டாக்டரைக் காதலிக்கிறாள். அவர் கொஞ்சம் கொஞ்சமாக, மனசே இல்லாமல் மாறுகிறார். ஒரே போர், இரண்டு தகப்பன்கள். இதைப் பற்றி எந்த விமர்சனத்திலாவது இரண்டு வரி பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை.

ஆனால் போர் 1917-இல் முடிந்ததும் கதைக்கு என்னமோ ஆகிவிடுகிறது. தோற்ற நாடு தெற்கு. பணம் குப்பையாகிறது. போரில் பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஃபெதர்ஸ்டன் என்ற சார்ஜென்ட் மேடையேறிக் கத்துகிறான், சீருடை போட்ட ரவுடிகளை வைத்துக்கொள்கிறான், தன் வெறுப்பையெல்லாம் புத்தகமாக எழுதுகிறான், 1933-இல் - ஆமாம், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே 1933 - தேர்தலில் ஜெயிக்கிறான். எல்லைப் பகுதிகளுக்கு வாக்கெடுப்பு, சமாதான ஒப்பந்தம் என்று ஏமாற்று. தாக்குதல் 1941 ஜூன் 22. ஹிட்லர் ரஷ்யாவுக்குள் புகுந்த அதே தேதி! ஹிட்லர் படை சிக்கி அழிந்த ஸ்டாலின்கிராடுக்கு பதிலாக பிட்ஸ்பர்க். எண்பது வருஷமாக வேறு பாதையில் போன உலகம் சொல்லிவைத்தாற்போல நம் உலகத்தின் தேதியிலேயே வந்து நிற்குமா? இதற்கு ஜெராக்ஸ் என்று பெயர். அடுத்து என்ன நடக்கும் என்று எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் படித்த பையன் சொல்லிவிடுவான்.

இங்கேதான் வேதக் கூட்டம் குதிக்கும். "அதுதானே நோக்கமே! ஜெர்மனியில் நடந்தது எங்கேயும் நடக்கலாம் என்று காட்டத்தான்!" ஒப்புக்கொள்கிறேன். உண்மையாகவே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அதைச் சாதித்த இடம் ஒன்று இருக்கிறது. பிங்கார்ட் என்பவன் தெற்கில் உள்ள பர்மிங்ஹாம் நகரத்து எஃகு ஆலைத் தொழிலாளி, முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே நமக்குப் பழக்கம், நம் பக்கத்து வீட்டில் இருக்கக்கூடியவன். அவன் கறுப்பின மக்களை அடைத்துவைக்கும் முகாமுக்கு அதிகாரியாகிறான். கைதிகளைச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போய்ச் சுட்டுச் சுட்டு மனம் உடைந்த காவலன் ஒருவன், கார் புகையை உள்ளே விட்டுத் தற்கொலை செய்துகொள்கிறான். அதைப் பார்த்து பிங்கார்டுக்கு வருவது துக்கம் அல்ல, ஒரு யோசனை. லாரிக்குள் ஆட்களை அடைத்து இதே புகையை விட்டால்? கொஞ்ச நாள் கழித்து அந்தக் காவலனின் விதவையையே கல்யாணம் செய்துகொள்கிறான். நல்ல கணவனாகவும் இருக்கிறான்!

படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படி எழுதத் தெரிந்த மனுஷன் மற்ற இடங்களில் ஏன் தேதியை அப்படியே காப்பியடித்தார்? அந்தக் கேள்விதான் என் வயிற்றெரிச்சல்.

அடுத்து, சொன்னதையே சொல்வது. சாம் கார்ஸ்டன் என்று ஒரு கடற்படைக்காரன். வெள்ளைத் தோல், வெயில் பட்டால் வெந்துவிடும். புரிந்தது. ஆனால் அவன் தலைகாட்டும்போதெல்லாம் தோல் சிவக்கிறது, களிம்பு தடவுகிறான், களிம்பு வேலை செய்யவில்லை. போர் வருகிறது, போகிறது, ஆட்சி மாறுகிறது, களிம்பு மட்டும் மாறவில்லை. யார் சிகரெட் பற்றவைத்தாலும் தெற்குப் புகையிலைதான் உசத்தி என்று ஒரு பேச்சு. ஃபெதர்ஸ்டன் ரேடியோவில் பேச ஆரம்பித்தால் "நான் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன்" என்ற அதே முதல் வரி.

கேட்டால், வருஷத்துக்கு ஒரு புத்தகம் வந்தது, வாசகருக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்த வேண்டாமா என்கிறார்கள். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் 'முன்கதைச் சுருக்கம்' என்று ஒரு கட்டம் கட்டி நாலு வரி போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்களே, அது போதாதா? இங்கே ஒரே புத்தகத்துக்குள், ஐம்பது பக்க இடைவெளியில் ஞாபகப்படுத்துகிறார். யாருக்கய்யா அதற்குள் மறக்கும்?

இதைச் சொன்னால் நண்பர் ஒருவர், "ஆறாவதில் நிறுத்தாதீங்க, எட்டாவதில்தான் சூடு பிடிக்கும்" என்றார். எட்டாவதைப் படித்துவிட்டுப் போனால், "பத்தாவது வரைக்கும் பொறுங்க." பத்தாவதும் ஆனது. "முடிவு இருக்கு பாருங்க, அதுக்காகவே படிக்கலாம்." முடிவு நன்றாகத்தான் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து பெயரை மாற்றிக்கொண்டு ஓடி ஒளிந்து வாழ்ந்து, கடைசியில் முகாமில் செத்த சிப்பியோ என்ற கறுப்பினப் பணியாளின் மகன் கையில் துப்பாக்கி இருக்கிறது, எதிரே ஃபெதர்ஸ்டன். சுட்டுத் தள்ளுகிறான். எழுந்து கை தட்டலாம் போல இருந்தது. அந்த ஒரு தோட்டாவுக்காக இத்தனை ஆயிரம் பக்கம் என்னை வதைக்க வேண்டுமா?

இனி யார் கேட்டாலும் என் பதில் இதுதான். முதல் நான்கு புத்தகத்தைப் படியுங்கள். அப்புறம் பிங்கார்டும் சிப்பியோ குடும்பமும் வரும் பகுதிகளை மட்டும் தேடிப் படியுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள். இதைச் சொன்னதும் அதே நண்பர், "அப்படித் தள்ளித் தள்ளிப் படிச்சா எவ்வளவோ விட்டுப்போகுமே!" என்று வருத்தப்பட்டார்.

எது சார் விட்டுப்போகும்? களிம்பா?