எழுத ஆள் இருக்கிறோம், தேதிதான் இல்லை
விக்கிப்பீடியாவில் பெண் கலைஞர்களைப் பற்றிக் குறைவாக இருப்பதற்கு எழுத ஆளில்லாததே காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மலேசியாவின் பினாங்கில் நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து விக்கிப்பீடியாவுக்கு எழுதுகிறோம். எங்களுக்குத் தடையாக நிற்பது, எழுதுவதற்குக் காட்ட வேண்டிய ஆதாரம் கிடைக்காததுதான். 1941இல் இங்கே பிறந்த ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம் போன்றவர்களைப் பற்றிக் கண்காட்சி நூல்களாவது உண்டு. முப்பது வருஷம் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்த ஒரு டீச்சரிடம் போனோம். தன்னைப் பற்றி மலேசியத் தமிழ் நாளிதழான தமிழ் நேசனில் வந்த துணுக்குகளைப் பிஸ்கட் டின் நிறைய எடுத்து வைத்தார். எல்லாமே படத்தை ஒட்டி அழகாக வெட்டியவை, ஒன்றில்கூடத் தேதி இல்லை! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், இணையத்தில் இல்லாததை விக்கிப்பீடியாவில் ஆதாரமாகக் காட்ட முடியாது என்று எழுதியிருக்கிறார், அது சரியில்லை. அச்சில் வந்த நாளிதழும் செல்லும். ஆனால் எந்த நாள் இதழ் என்று சொல்லியாக வேண்டும். அந்த நாளிதழோ 2019இல் நின்றுவிட்டது. அதனால் இப்போது நூலகத்தில் பழைய தொகுப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறோம்; இதுவரை இரண்டு துணுக்குகளுக்குத் தேதி கிடைத்திருக்கிறது. வீட்டில் அம்மா, பாட்டியின் படம் வந்த பேப்பர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுப் பக்கமாகவே வைத்திருங்கள். ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? ஞாபகம் இருக்கும்போதே பின்னால் பென்சிலால் தேதியை எழுதி வையுங்கள்.